ஊர் மாறிய திருநாட்கள் – 11: கோயில் வாசல் மிதிக்காத கிறிஸ்துமஸ்

டிசம்பர் 24 மாலை தோக்கியோவில் வேலை முடிந்து ரயிலேறும் கூட்டத்தைப் பார்த்தால், பலர் கையில் ஒரே மாதிரி சதுர அட்டைப் பெட்டி இருக்கும். நெரிசலில் அது சாய்ந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பார்கள். உள்ளே இருப்பது கேக். வெள்ளைக் கிரீம் பூசி, மேலே சிவப்பு ஸ்ட்ராபெரி வரிசையாக வைத்தது. வீட்டில் பொரித்த கோழி ஒரு வாளி நிறைய வந்து இறங்கியிருக்கும். தூங்கும் பிள்ளையின் தலையணை ஓரத்தில் அன்றிரவு ஒரு பரிசுப் பொட்டலம் ஏறும். மறுநாள் 25-ஆம் தேதி எல்லோரும் வழக்கம்போல் வேலைக்குப் போவார்கள். அந்த நாட்டில் கிறிஸ்துமஸுக்கு விடுமுறை கிடையாது.

ஜப்பானியரில் கிறித்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் எதற்காக இந்தத் திருநாளைக் கொண்டாடுகிறார்கள்? கேட்டால் இரண்டு பதில்கள் சட்டென்று வரும். அமெரிக்காவைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்பது ஒன்று. வியாபாரிகள் கட்டிவிட்டது என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், இதே நாடு ஒரு காலத்தில் இந்தத் திருநாளைக் கொண்டாடியவர்களைத் தேடிப் பிடித்துக் கொன்ற நாடு. அதுவும் ஓராண்டு, ஈராண்டல்ல. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல். அந்தக் கதையைச் சொல்லாமல் கேக் கதையை மட்டும் சொல்வது நியாயமாக இருக்காது.

கதையின் தொடக்கம் நம் கரையிலேயே இருக்கிறது. 1542-இல் கோவா வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார், அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாடு, தூத்துக்குடி என்று பரதவர் ஊர்களில் நடந்தே திரிந்து, தமிழில் பெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்து, ஊர் ஊராகத் திருமுழுக்குக் கொடுத்தவர் அவர். பிறகு மலாக்கா போனார். அங்கே 1547-இல் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். அந்த மனிதரின் அறிவும் ஆர்வமும் சவேரியாரின் பயணத்தையே திருப்பிவிட்டன. 1549 ஆகஸ்டு 15 அன்று அவர் தெற்கு ஜப்பானின் காகோஷிமாவில் கரையிறங்கினார்.

இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் அங்கிருந்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். 1552 டிசம்பர் 3 அன்று, சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில், காய்ச்சலில் உயிர் விட்டார். கோட்டாற்றில் இன்றும் அந்த நாளை ஒட்டித்தான் சவேரியார் திருவிழா. அவர் இறந்து மூன்று வாரம் கழித்து, அவர் விட்டுச்சென்ற தோழர் கோஸ்மே தெ தோரஸ், யமகுச்சி நகரில் கிறிஸ்துமஸ் திருப்பலி நிறைவேற்றினார். ஜப்பானில் கொண்டாடப்பட்டதாகப் பதிவு உள்ள முதல் கிறிஸ்துமஸ் அதுதான். சவேரியார் இறந்த செய்தி அங்கே யாருக்கும் அப்போது தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்த அறுபது ஆண்டில் அந்த விதை முளைத்துப் பரவிய வேகம் பெரியது. குறுநில மன்னர்கள் சிலரே மதம் மாறினார்கள். 1560-களில் சாக்காய் துறைமுகத்தில், ஒருவரோடொருவர் போரிட்டுக்கொண்டிருந்த இரு படைகளிலும் இருந்த கிறித்தவ வீரர்கள் கிறிஸ்துமஸ் நாளில் ஒரே கூடத்தில் கூடி, ஒன்றாகச் சாப்பிட்டதை லூயிஸ் புரோயிஸ் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். நாகசாகி கிறித்தவ ஊராகவே ஆனது.

அதிகாரத்துக்கு இது பிடிக்கவில்லை. நாட்டை ஒரு குடையின்கீழ் கொண்டுவந்துகொண்டிருந்த ஹிதேயோஷி, 1587-இல் பாதிரிமார்களை வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகிக் குன்றில் 26 பேரைச் சிலுவையில் அறைந்து ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் நம்மவர். மும்பைக்கு வடக்கே வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியா. 1614-இல், ஹிதேயோஷிக்குப் பின் வந்த தோகுகவா ஆட்சி நாடு முழுவதும் கிறித்தவத்தைத் தடை செய்தது.

அந்தத் தடை எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தது என்று பாருங்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பெயர் பதிந்து, தான் கிறித்தவக் குடும்பம் இல்லை என்று சான்று வாங்க வேண்டும். ஐந்து வீடு ஒரு குழு. ஒரு வீட்டில் குற்றம் கண்டால் ஐந்து வீட்டுக்கும் தண்டனை. காட்டிக்கொடுப்பவருக்கு வெள்ளிக் காசு என்று தெருமுனைப் பலகையில் எழுதி வைத்தார்கள். நாகசாகியில் ஆண்டுதோறும் புத்தாண்டு மாதத்தில், ஏசு அல்லது மரியாள் உருவம் பதித்த தகட்டை வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக மிதித்துக் காட்ட வேண்டும். கைக்குழந்தையின் காலையும் அதில் அழுத்தி எடுப்பார்கள்.

எண்களுக்குக்கூட அஞ்சினார்கள். ஹிராதோவில் டச்சு வணிகர்கள் புதிதாகக் கட்டிய கிடங்கின் முகப்பில், கட்டிய ஆண்டு கிறித்து ஆண்டுக் கணக்கில் பொறித்திருந்தது. அந்த எண் கண்ணில் பட்டதும் 1640-இல் கிடங்கையே இடித்துத் தள்ளச் சொல்லி ஆணை வந்தது. மறுபேச்சில்லாமல் டச்சுக்காரர்கள் இடித்தார்கள். 1641-இல் நாகசாகித் துறைமுகத்தை ஒட்டிய தெஜிமா என்ற சின்னஞ்சிறு செயற்கைத் தீவில் அவர்களை அடைத்தார்கள். அங்கும் வழிபாடு கூடாது. அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாகசாகியில் இருந்த சீன வணிகர்கள் டிசம்பரில், பகல் மிகக் குறுகும் நாளுக்கு விருந்து வைப்பது வழக்கம். நாங்களும் அதைத்தான் கொண்டாடுகிறோம் என்று சொல்லி, டச்சுக்காரர்கள் தங்கள் கிறிஸ்துமஸ் விருந்தை முடித்துக்கொண்டார்கள். புத்தாண்டு விருந்துக்கு ஜப்பானிய அதிகாரிகளையும் மொழிபெயர்ப்பாளர்களையும் கூப்பிடுவார்கள். 1795 ஜனவரி 1 அன்று எடோ நகரில் (இன்றைய தோக்கியோ) ஓட்சுகி கெந்தாகு என்ற மருத்துவ அறிஞர், டச்சு நூல்கள் படிக்கும் நண்பர்களை அழைத்து அதே மாதிரி ஒரு விருந்து வைத்தார். முள்கரண்டியும் கண்ணாடிக் கோப்பையும் மேசையில் இருக்க அவர்கள் சுற்றி அமர்ந்திருக்கும் ஓவியம் இன்றும் இருக்கிறது. அங்கே யாரும் கிறித்தவரில்லை. சாமியை விட்டுவிட்டு விருந்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் கடைகள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் சாமியை விடாதவர்கள்? அவர்கள் மண்ணுக்குள் வேர் போல இருந்தார்கள். நாகசாகியைச் சுற்றிய கிராமங்களிலும் கோத்தோ, இகிட்சுகி தீவுகளிலும், ஏழு தலைமுறைக்கு ஒரு பாதிரியார் முகம் பார்க்காமல், செபங்களை வாய்வழியாகவே பிள்ளைகளுக்குக் கடத்தினார்கள். லத்தீனும் போர்ச்சுகீசும் ஜப்பானிய நாவில் தேய்ந்து, சொல்பவருக்கே பொருள் தெரியாத ஒலிக்கோவையாக மாறிய பிறகும் சொல்வதை நிறுத்தவில்லை. கையில் குழந்தை ஏந்திய பௌத்தத் தேவி கன்னோன் சிலையை மரியாளாக வைத்து வணங்கினார்கள். திருநாட்களைக் கணக்கு வைக்க, 1634-ஆம் ஆண்டுத் திருச்சபை நாட்காட்டியைச் சந்திர மாதங்களுக்குப் பொருத்தி ஒரு கணக்கு அவர்களிடம் இருந்தது. அதை வைத்திருந்தவர் ஊருக்கு ஒருவர். எந்த நாளில் நூல் நூற்கக்கூடாது, எந்த நாளில் ஊசி எடுக்கக்கூடாது என்று அவர்தான் சொல்வார்.

1865 மார்ச் 17-ஆம் தேதி நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். துறைமுகங்கள் வெளிநாட்டாருக்குத் திறந்துவிட்ட காலம். பிரெஞ்சு மிஷனரிகள் நாகசாகியில் ஓஉரா என்ற இடத்தில், வெளிநாட்டவர் வழிபடுவதற்கென்று ஒரு கோயில் கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நண்பகலில், உழைத்துக் காய்ந்த முகங்களோடு ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகப் பதினைந்து பேர் அளவில் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். பெத்தித்ழான் என்ற பாதிரியார் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போய் முழந்தாளிட்டு செபித்தார். ஒரு பெண் அவர் அருகில் வந்து, மார்பில் கை வைத்து, எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்றுதான் என்று காதோடு சொன்னாள். மரியாள் சிலை எங்கே என்று கேட்டாள்.

சிலையைப் பார்த்ததும் அவர்களுக்குள் பேச்சு எழுந்தது. கையில் குழந்தை இருக்கிறது, அது மரியாள்தான் என்றார்கள். பனி மாதத்து 25-ஆம் நாளில் ஆண்டவர் பிறப்பைக் கொண்டாடுகிறோம், அன்று நள்ளிரவில் அவர் ஒரு தொழுவத்தில் பிறந்தார் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். இப்போது துயரக் காலம் நடக்கிறதே, நீங்களும் அனுசரிக்கிறீர்களா என்று பாதிரியாரையே கேட்டார்கள். அது உண்மையிலேயே தவக்காலம். 231 ஆண்டுக்கு முந்தைய ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு, பாதிரி இல்லாத ஒரு ஊர் நாள் தவறாமல் வந்திருந்தது. ஜப்பானியக் கிறிஸ்துமஸைப் பற்றி எதைப் படித்தாலும், அந்தக் கதவருகே நின்ற பதினைந்து பேரும் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அவர்கள் வெளியே வந்ததற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1867-இல் அவர்கள் ஊரான உரகாமியில் கைதுகள் தொடங்கின. அடுத்த ஆண்டு தோகுகவா ஆட்சி போய் மெய்ஜி அரசு வந்தும் பலன் இல்லை. புதிய அரசு ஏறத்தாழ 3,400 பேரை, ஊரையே காலி செய்து, நாட்டின் இருபது பகுதிகளுக்குப் பிரித்து நாடு கடத்தியது. 600 பேருக்கு மேல் சித்திரவதையிலும் பட்டினியிலும் இறந்தார்கள். மேற்கு நாடுகளுக்குப் போன ஜப்பானியத் தூதுக்குழு போன இடமெல்லாம் இதற்காகக் கண்டனம் கேட்டது. 1873 பிப்ரவரியில் தடைப் பலகைகளைக் கழற்றினார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் ஜப்பான் தன் சந்திர நாட்காட்டியை விட்டுவிட்டு மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியிருந்தது. இந்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தாண்டு ஜனவரி 1-க்கு வந்து சேர்ந்ததால்தான், கிறிஸ்துமஸ் அதற்கு ஒரு வாரம் முன்னால், ஆண்டுக் கடைசிக் கொள்முதலின் நடுவில் வந்து விழுந்தது.

தடை போன மறு ஆண்டே தோக்கியோவின் சுக்கிஜியில் ஒரு கிறிஸ்துமஸ் விழா நடந்தது. நடத்தியவர் ஹாரா தானேஆகி, பழைய ஆட்சியில் காவல் அதிகாரியாக இருந்து புதிதாகக் கிறித்தவரானவர். அவர் மேடையேற்றிய சான்டா கிளாஸ், சாமுராய்களின் சடங்கு உடையில், இடையில் வாளோடு வந்தார். சான்டா எப்படி இருப்பார் என்று பார்த்தவர் யாருமில்லை. பெரிய மனிதர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மதம் வளரவில்லை. ஆனால் மிஷன் பள்ளிகள் வளர்ந்தன. வசதியான வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், அங்கே படித்தார்கள். திருமுழுக்கு வாங்காமலே ஆங்கிலமும் பியானோவும் கிறிஸ்துமஸ் பாட்டும் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். திருச்சபைகள் நடத்திய மழலையர் பள்ளிகளில் டிசம்பர் நாடகத்தில் இடையனாகவும் தேவதையாகவும் நடித்த பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானார்கள். ஹைக்கூவைப் புதுப்பித்த மசாஓகா ஷிகி 1890-களிலேயே கிறிஸ்துமஸைத் தம் ஹைக்கூவில் வைத்துவிட்டார். தோக்கியோவின் கின்சா கடைவீதியில், வெளிநாட்டுச் சரக்கு விற்கும் மெய்தியா 20-ஆம் நூற்றாண்டு பிறந்த தறுவாயில் கிறிஸ்துமஸ் அலங்காரம் வைக்கத் தொடங்கியது. 1905-இல் ரஷ்யாவைப் போரில் வென்ற பிறகு, மேற்கத்தியப் பழக்கம் எதையும் எடுத்துக்கொள்ள ஜப்பானியருக்குக் கூச்சம் போய்விட்டது.

பிறகு யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. 1926 டிசம்பர் 25 அதிகாலை தைஷோ பேரரசர் இறந்தார். முந்தைய பேரரசரின் நினைவு நாள் தேசிய விடுமுறையாக இருப்பது அன்றைய சட்டம். ஆகவே 1927 முதல் 1947 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல், டிசம்பர் 25 ஜப்பான் முழுக்க விடுமுறை நாள். அரசு அனுசரித்தது இறந்த பேரரசரை. நகரத்து மக்களுக்கு அதற்கு முந்தின இரவு, மறுநாள் வேலை இல்லாத இரவாகக் கிடைத்தது. கஃபேக்களும் நடன அரங்குகளும் அன்று நிரம்பின. 1948-இல் புதிய விடுமுறைச் சட்டம் வந்து அந்த நாளைக் கழித்துக்கட்டியது. அதற்குள் ஒரு தலைமுறை 24-ஆம் தேதி இரவுக்குப் பழகிவிட்டிருந்தது. இன்றைக்கும் ஜப்பானில் 25-ஐ விட 24 இரவுதான் முக்கியம்.

போர்க்காலத்தில் விளக்குகள் அணைந்தன. 1941 டிசம்பர் 25 அன்று ஹாங்காங் ஜப்பானியப் படையிடம் விழுந்தது. அங்கே கிறிஸ்துமஸ் அன்று நடந்த கொடுமைகளை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. 1945 ஆகஸ்டு 9 அன்று நாகசாகியின் மேல் போட்ட அணுகுண்டு, உரகாமிப் பேராலயத்திலிருந்து 500 மீட்டர் அளவு தொலைவில் வெடித்தது. நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் செங்கல் செங்கலாகக் கட்டிய கோயில் அது. கிழக்காசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. உரகாமியின் 12,000 கிறித்தவர்களில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள். இரண்டு மணிகளில் ஒன்று நொறுங்கிப்போக, இடிபாட்டுக்குள் மற்றொன்று உடையாமல் கிடந்தது. பிழைத்தவர்கள் அதைத் தோண்டி எடுத்து, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துத் தூக்கிக் கட்டி, அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அடித்தார்கள். அங்கேயே குடிசை போட்டு நோயோடு வாழ்ந்த மருத்துவர் நாகாய் தகாஷி எழுதிய ‘நாகசாகியின் மணி’ நூல் 1949-இல் வெளிவந்து, ஜப்பான் முழுவதும் படிக்கப்பட்டது.

1945-இன் அதே டிசம்பரில் தோக்கியோ கின்சாவில், அமெரிக்கப் படையினருக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் கிறிஸ்துமஸ் அலங்காரம் ஜொலித்தது. வெளியே ஜப்பானியர் கிழங்குக்கு வரிசையில் நின்றார்கள். ஆக்கிரமிப்புப் படைத் தளபதி மக்கார்த்தர், இந்த நாட்டைக் கிறித்தவ நாடாக்கிவிடலாம் என்று உண்மையாகவே நம்பினார். மிஷனரிகளை நூற்றுக்கணக்கில் வரவழைத்தார். பைபிள்கள் லட்சக்கணக்கில் வந்தன. கிறித்தவர் எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. மக்கள் பைபிளை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, அந்த அலங்காரத்தைத்தான் மனதில் எடுத்துக்கொண்டு போனார்கள். காப்பியடித்தார்கள் என்று சொல்பவர்கள் இங்கே யோசிக்க வேண்டும். காப்பியடிப்பதாக இருந்தால் முழுதாக அடித்திருக்கலாமே. எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர்கள் தேர்ந்து எடுத்தார்கள்.

1950-களின் கின்சா கிறிஸ்துமஸ் கொஞ்சம் வெட்கக்கேடானது. அலுவலக ஆண்கள் கூட்டம் கூட்டமாக அட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு கேபரேக்களில் குடித்து, நள்ளிரவில் தெருவில் தள்ளாடினார்கள். மனைவியைச் சமாதானப்படுத்தக் கையில் ஒரு கேக் பெட்டி. பத்தாண்டு முடிவதற்குள் அந்தக் கூத்து அடங்கியது. பத்திரிகைகள் கண்டித்தன. 1957-58 வணிக மந்தம் கையைக் கடித்தது. அதைவிட, வீடு மாறியது. நகர ஓரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்ற சிறு குடும்பம் வந்தது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி மூன்றும் ஒவ்வொரு வீட்டின் கனவாக இருந்த ஆண்டுகள் அவை. ஆண்கள் விட்டுவந்த கிறிஸ்துமஸை அந்தச் சின்ன வீட்டுச் சாப்பாட்டு மேசை எடுத்துக்கொண்டது. நடுவில் வைக்க கேக் வேண்டியிருந்தது.

கேக்கின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. யோகோஹாமாவில் 1910-இல் கடை திறந்த ஃபுஜியா, அந்த ஆண்டே கிறிஸ்துமஸ் கேக் விற்றதாகத் தன் வரலாற்றில் சொல்கிறது. அது உலர்பழம் போட்ட கனத்த கேக். மேலே பனி போல வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு. பிறகு 1920-களில் அதே கடை ஸ்பாஞ்ச் கேக்கில் கிரீமும் ஸ்ட்ராபெரியும் வைத்து விற்கத் தொடங்கியது. ஆனால் கிரீம் ஒரே இரவில் கெட்டுவிடும். அதனால் 1950-கள் வரை சாதாரண வீடுகளுக்குக் கிடைத்தது வெண்ணெய்ப் பூச்சுக் கேக்தான். கடையிலும் வீட்டிலும் குளிர்பதனப் பெட்டி வந்த பிறகே பால் கிரீம் கேக் எளியவர் கைக்கு வந்தது. வெள்ளையும் சிவப்பும் ஜப்பானியருக்கு மங்கல நிறங்கள். கல்யாண வீட்டுப் பண்டங்களிலும் விழாத் திரைகளிலும் அந்த இரண்டும்தான் சேர்ந்து வரும். அந்நியப் பண்டம் ஒன்று பார்த்த மாத்திரத்தில் நம் வீட்டு விசேஷம் போலத் தோன்றியதற்கு அந்த நிறங்கள் ஒரு காரணம். போருக்கு முன் சர்க்கரையும் வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த பண்டம் பணக்காரர் பண்டம். போரிலும் போர் முடிந்தும் சர்க்கரையைக் கண்ணில் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள், தாங்கள் பெற்றோரானபோது ஆண்டுக்கு ஒரு நாளாவது தங்கள் பிள்ளைக்கு முழு கேக் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். இதை வியாபாரிகள் கட்டிவிட்டது என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. பட்டினி கிடந்தவர்கள் தங்கள் பிள்ளைக்குச் செய்தது அது.

ஸ்ட்ராபெரி இயற்கையாகப் பழுப்பது வசந்தத்தில். டிசம்பரில் கேக்குக்கு வேண்டும் என்றானதும் விவசாயமே திரும்பியது. அந்தச் செடிக்குக் குளிரும் குறுகிய பகலும் கிடைத்தால்தான் மொட்டு உருவாகும். ஆகவே தோச்சிகி மாவட்ட உழவர்கள் கோடைக் கடைசியில் நாற்றுகளை வண்டியில் ஏற்றி, நிக்கோ மலைமேல் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள செஞ்சோகஹரா மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நாற்று, குளிர்காலம் வந்துவிட்டது என்று ஏமாந்து மொட்டுக் கட்டும். உடனே கீழே இறக்கிக் கொண்டுவந்து பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நடுவார்கள். கூடாரத்துக்குள் வசந்தம். டிசம்பர் மூன்றாம் வாரம் பழம் சிவக்கும். ஏசு பிறந்த நாளை ஒரு முறைகூட மனதில் நினைக்காத உழவர்கள், தங்கள் பயிரின் காலக்கணக்கு முழுவதையும் அந்த ஒரு நாளுக்காக மாற்றி அமைத்தார்கள். பிறகு இரவில் மட்டும் குளிரூட்டும் நாற்றங்கால்கள் வந்தன. மலையேறும் வேலை குறைந்தது.

கோழியின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கென்டக்கி பிரைடு சிக்கன் 1970-இல் நகோயாவில் முதல் கடை திறந்தது. 1974 முதல் கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோழி என்று நாடு முழுக்க விளம்பரம் செய்தது. அது பிடித்துக்கொண்டதற்கு விளம்பரம் மட்டும் காரணமில்லை. அமெரிக்கப் படத்தில் பார்த்த முழுக் கோழியையோ வான்கோழியையோ வீட்டில் வாட்ட நினைத்தாலும், ஜப்பானியச் சமையலறையில் ஓவன் அடுப்பு இல்லை. மீன் சுடும் சின்னத் தட்டுதான் இருந்தது. வான்கோழி கடையிலும் கிடைக்காது. வாங்கிவருவதே வழியாயிற்று.

1980-களில் காதலர்கள் உள்ளே வந்தார்கள். மட்சுதோயா யுமியின் ஒரு பாட்டு 1980-இல் காதலனையே சான்டாவாக்கியது. யமஷிதா தத்சுரோ 1983-இல் வெளியிட்ட ‘கிறிஸ்துமஸ் ஈவ்’, வராத காதலிக்காகக் காத்திருப்பவனின் பாட்டு, ரயில் நிறுவன விளம்பரத்தில் ஏறி நாடெங்கும் ஒலித்தது. பெண்கள் பத்திரிகைகள் அந்த இரவுக்கு எந்த உணவகம், எந்த விடுதி, எந்த நகை என்று பட்டியல் போட்டன. பணம் புரண்ட காலம் அது. தனியாக இருப்பவர்கள் அந்த இரவை எண்ணி அஞ்சினார்கள். அதே காலத்தில், 25 வயது தாண்டியும் கல்யாணமாகாத பெண்ணை 25-ஆம் தேதி தாண்டி விற்காமல் போன கேக் என்று ஏளனம் செய்தார்கள். அலுவலகங்களில் ஆண்கள் வாய்விட்டுச் சிரித்த கேலி அது. எத்தனை பெண்கள் வாயைத் திறக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எண்ணினால் நெஞ்சு கொதிக்கிறது. பெண்கள் மணமுடிக்கும் வயது ஏறிக்கொண்டே போக, இன்று அந்தக் கேலி செத்துவிட்டது. செத்தது நல்லது.

1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் கோபே நகரமும் சுற்றுவட்டாரமும் 6,434 உயிர்களை இழந்தன. அந்த டிசம்பரில் இடிபாடு இன்னும் முழுதாக அகலாத தெருக்களில், இறந்தவர் நினைவாக ஆயிரக்கணக்கான விளக்குகளால் வளைவுகள் கட்டி ஏற்றினார்கள். பார்க்க வந்தவர்கள் அழுதார்கள். டிசம்பர் விளக்கு துக்கத்துக்கும் ஆகிவந்தது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். ஜப்பானியக் குடும்பத்தின் ஆண்டில் இரண்டு பெரிய நாட்கள் உண்டு. புத்தாண்டும், ஆகஸ்டில் முன்னோருக்கான ஓபோனும். இரண்டுமே குலத்துக்கும் பிறந்த ஊருக்கும் சொந்தம். மாமியார் வீடு, கல்லறை, கோயில், வரிசை முறை எல்லாம் அதில் வரும். ஆண்டுக் கடைசியில் மேலதிகாரிக்கும் நன்றிக்கடன் பட்டவர்களுக்கும் பரிசு அனுப்புவது கட்டாயம். கணவனும் மனைவியும் மட்டும், அப்பாவும் பிள்ளையும் மட்டும், காதலிக்கும் இருவர் மட்டும் என்று கட்டாயமே இல்லாத ஒரு இரவு அந்த நாட்காட்டியில் இல்லை. நிறுவனங்கள் அரையாண்டு போனஸைக் கையில் கொடுக்கும் மாதம் டிசம்பர். அந்த மாதத்தில் காலியாக ஒரு இரவு கிடைத்தது. இப்படித்தான் கொண்டாட வேண்டும் என்று சொல்லத் திருச்சபையும் அங்கே வலுவாக இல்லை. 250 ஆண்டுத் தடை அதை இல்லாமல் செய்திருந்தது. யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்தாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், அந்த இரவை ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொண்டார்கள். பள்ளி பாட்டைக் கொடுத்தது, அரண்மனையின் சாவு விடுமுறையைக் கொடுத்தது, கடை கேக்கைக் கொடுத்தது. 26-ஆம் தேதி விடிந்ததும் கடைகளில் மரம் இறங்கி, புத்தாண்டின் மூங்கிலும் பைன் கிளையும் ஏறிவிடும்.

நாகசாகிப் பகுதியில் மறைந்து வாழ்ந்த கிறித்தவர்களின் ஊர்கள் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. தடை போன பிறகும் திருச்சபையில் சேராமல், முன்னோர் சொன்னபடியே செபிக்கிறவர்கள் இகிட்சுகி தீவில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கிழவர்கள்தான் அதிகம். பகல் மிகக் குறுகும் நாளை ஒட்டி, சாக்கேயும் பச்சை மீனும் படைத்து, அவர்கள் ஆண்டவர் பிறப்பைக் கொண்டாடுவார்கள். கேக் அதில் கிடையாது. பிள்ளைகள் வேலைக்காக நகரத்துக்குப் போய்விட்டதால், செபங்களைக் கற்றுக்கொள்ள ஆள் இல்லாமல் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டிருக்கின்றன.

அடுத்த பகுதியில் மாஸ்கோ. கிறிஸ்துமஸ் மரத்தைப் பூர்ஷ்வா வழக்கம் என்று ஒதுக்கிவைத்த சோவியத் அரசில், 1935 டிசம்பர் 28 பிராவ்தா நாளிதழில் பாவெல் போஸ்திஷெவ் என்ற கட்சித் தலைவர் எழுதிய சிறு கடிதம் ஒன்று, அந்த மரத்தைப் புத்தாண்டு மரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. கடிதம் எழுதியவர் 1939-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மரம் பிழைத்துக்கொண்டது.

(தொடரும்)